பியானோவுக்குப் பூக் கேட்ட கதை

பெண்டாட்டி கேட்டதை ‘இல்லை’ என்று சொல்லாமலேயே இல்லாமல் ஆக்குகிற வித்தையைச் சீனிக் கிராணியார் கண்டுபிடித்து வெகு காலம் ஆகிவிட்டது.

‘இல்லை’ என்று சொன்னால்தானே சண்டை? ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன கையோடு நிறத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். மங்களம் கண்ணாடி அலமாரி கேட்டாள். ஆகட்டும் என்றார். தேக்கு நிறமா, கருங்காலி நிறமா என்று விசாரணை தொடங்கியது. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வில்லு வண்டி கேட்டாள். தாராளமாக என்றார். கூண்டுக்குப் பச்சையா சிவப்பா என்று யோசிக்க ஆரம்பித்ததில் வண்டி மாடே கிழடாகிச் செத்துப் போயிற்று.

மலாயாவில் கோப்பெங்கைத் தாண்டி ரப்பர் பால்மரக் காட்டுக்கு நடுவில் இருந்த ஆலமரத்துத் தோட்டத்துக்கு அவர்தான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கப்பிள்ளை. முழுப் பேர் சீனிவாசகம். ஆட்கள் சீனிக் கிராணி என்பார்கள். பேரில் மட்டும்தான் சீனி என்று முதுகுக்குப் பின்னால் சொல்லுவார்கள். விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்டு, ஆட்களைப் பாலுக்குப் பட்டை சீவி மரம் வெட்ட அனுப்பி, வெயில் ஏறியதும் வாளி வாளியாய் வரும் பாலை நிறுத்து முடிப்பதற்குள் அவருக்கு இடுப்பு விட்டுப்போகும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் சாய்வு நாற்காலி.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முந்திய துரை ஊரைவிட்டுப் போனபோது லேலாங்கில் ஏலம் எடுத்தது. பிரம்பு பின்னியது. கைப்பிடி இரண்டும் முன்னால் நீண்டிருக்கும். காலைத் தூக்கி அவற்றின் மேல் போட்டுக்கொண்டால் துரையே ஆகிவிட்ட மாதிரி இருக்கும். ஹாலில் ஜன்னலோரம் அதன் இடம். பலகை வீட்டில் காற்று வருவது அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான். அந்தக் காற்று, அந்த நாற்காலி, அந்த ஒரு தூக்கம். இதற்காகத்தான் கிராணியார் விடியற்காலையில் எழுந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மங்களம் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

“ஏங்க, தொரை சீமைக்குப் போறாராமே?”

“ஆமா. மாத்தலாகிப் போறாரு.”

“தொரசாணியும் போறாங்களாம்.”

“பின்னே, இங்க விட்டுட்டா போவாரு?”

“நம்ம நவமணி இனிமே எங்க போயி வாசிக்கும்?”

நவமணி அவர்களுக்கு ஒரே பெண். துரைசாணிக்குப் பிள்ளை இல்லை. முருங்கைக்கீரை கொண்டுபோய்க் கொடுக்கப்போன பெண்ணை உட்கார வைத்துப் பியானோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக நடக்கிறது. நல்ல மனசு துரைசாணிக்கு. வெள்ளையடிக்கிற பைத்தியம் ஒன்றுதான் குறை. சுவர், பூந்தொட்டி, வராந்தா நாற்காலி, நாய்க்கூண்டு, எதையும் விடமாட்டாள். ஸ்டோரிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் டின் டின்னாகப் பங்களாவுக்குப் போகும். கிராணியார் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தனுப்புவார். ஆனால் பங்களாவுக்குள் அவர் போனதில்லை. கிராணிக்குப் படியோரத்தில்தான் இடம்.

“பிள்ளைக்கு விரல் சும்மா இருக்க மாட்டேங்குது,” என்றாள் மங்களம். “அம்மிக்கல்லு மேல வாசிக்குது. என் முதுகுல வாசிக்குது. ஒரு பியானோ வாங்கிப் போட்டுடலாம்லா.”

கிராணியார் எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டார். காசு காரணம் இல்லை; அந்த வருஷம் ரப்பருக்கு நல்ல காலம், கிராணிக்கும் நல்ல காலம். காரணம் வேறு. பங்களாப் பியானோ வந்து இறங்கிய நாளில் படியோரம் நின்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கன்னங்கரேலென்று இருந்தது. தூக்கி வந்தவர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அது சாமான் இல்லை. ஒரு முழுச் சுவரைக் கேட்கிற விருந்தாளி. கிராணியார் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுவரில் சாமி படம். ஒரு சுவரில் அடுப்படிக்குப் போகும் கதவு. ஒரு சுவர் மழைக்கு ஒழுகும். மிச்சம் இருந்தது ஜன்னல் சுவர். ஜன்னலோரம் நாற்காலி.

“ஆகட்டும்,” என்றார் கிராணியார்.

மங்களம் நிமிர்ந்து பார்த்தாள். “ஆகட்டுமா?”

“பிள்ளைக்கு இல்லாததா? ஆனா...”

“ஆனா?”

“நிறம்னு ஒண்ணு இருக்குல்ல.”

“அதானே,” என்று சொல்லிவிட்டு மங்களம் ரசத்தை ஊற்றினாள். இலையை விட்டு ஓடப்பார்த்த ரசத்தை வழித்துக் கட்டுவதில் மும்முரமாக இருந்ததால், அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மறுநாளே கிராணியார் கறுப்பை ஒழித்தார். அதில் ஒரு தொலைநோக்கு இருந்தது. துரை கிளம்பும்போது பங்களாச் சாமானெல்லாம் லேலாங்குக்கு வரும். பியானோவும் வரும். ‘பக்கத்திலேயே இருக்கே, எடுத்துடலாம்’ என்பாள் மங்களம். அது கறுப்பு. ஆகையால் முதல் வெட்டு கறுப்புக்கு.

“கறுப்பு மட்டும் கூடாது மங்களம்.”

“ஏங்க?”

“கறுப்பா, நீட்டமா, மூடி போட்ட சாமான். ஈப்போவுல பெட்டி செய்யுற சீனன் வாசல்ல வரிசையா வச்சிருக்கானே, பொணத்துக்கு. வர்றவன் போறவன் என்ன நெனைப்பான்? யாருக்குன்னு கேக்க மாட்டான்?”

“சிவ சிவா!” என்று மங்களம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “வேணவே வேணாம். கறுப்பு நம்ம வீட்டுப் படி ஏறக் கூடாது.”

இவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுத்தது இல்லை. கிராணியாருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. ‘ஈப்போவுக்குப் போயிப் பாத்துட்டு வரலாம்’ என்று அவள் சொன்னதற்கும், பார்ப்பதற்கென்ன என்று ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டும் தலைப்பாகையுமாக மோட்டார் பஸ் ஏறினார். மங்களம் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். நவமணி வழி நெடுக பஸ் ஜன்னல் கம்பியில் வாசித்துக்கொண்டே வந்தாள்.

பழைய டவுனில் இருந்தது அந்தக் கடை. கடை முதலாளியான சீனத் தவுக்கே அரைத் தமிழும் அரை மலாயுமாகப் பேசுகிற குண்டு மனிதன். கிராணியாரைக் கண்டதும் பழுப்பும் சிவப்பும் கலந்த ஒரு பியானோவின் மேல் போட்டிருந்த துணியை உருவினான். கடை முழுவதும் அதற்குள் தெரிந்தது.

“பாகூஸ்! நல்ல சாமான்! பாரு, முகம் பாரு!”

கிராணியார் குனிந்து பார்த்தார். தலைப்பாகையும் மீசையுமாக ஒரு கம்பீரமான மனிதர் உள்ளேயிருந்து அவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடமை நினைவுக்கு வந்தது.

“ஆகாது,” என்றார்.

“ஏங்க? பளபளன்னு எவ்வளவு நல்லா இருக்கு!”

“அதான் ஆகாதுங்கறேன். வீட்டுக்கு வர்றவன் எல்லாம் இதுல பாத்துத் தலை சீவுவான். நாம என்ன அம்பட்டன் கடையா வைக்கப்போறோம்?”

“சரி, அப்போ பளபளப்பு இல்லாததை எடுத்துக்கலாம்.”

தவுக்கே அதே மரத்தில் மெருகு ஏற்றாத ஒன்றைக் காட்டினான். கைவைத்தால் வழுவழுவென்று இருந்தது, முகம் தெரியவில்லை.

“இதுவா? புதுசு மாதிரியே இல்லையே. புதுச் சாமானை வாங்கி வச்சுட்டு, யாரு கழிச்சுப் போட்டதுன்னு ஊரு கேக்கணுமா?”

“ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது?”

“நிறமே சிவப்பாவுல்ல இருக்கு. மாடு மிரளும்.”

“மாடு கொட்டாயில கட்டியிருக்கு. ஹால்லயா கட்டியிருக்கோம்?”

“சத்தம் கேட்டு எட்டிப் பாத்தா?”

தவுக்கே மஞ்சளாக ஒரு மரத்தைக் காட்டினான். தேன் நிறம். மங்களம் தடவிப் பார்த்து, “இது லட்சணமா இருக்குங்க, மஞ்ச பூசின மாதிரி,” என்றாள்.

“கறையான் மொதல்ல மஞ்சளைத்தான் தின்னும்.”

“கறையானுக்குக் கண்ணு ஏதுங்க?”

“கண்ணு இல்லாததுக்கே தெரியுற மாதிரி பளிச்சுன்னு இருக்கு பாரு, அதைத்தான் சொல்றேன்.”

தவுக்கே துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மங்களம் அங்கே இருந்த முக்காலியில் சோர்ந்து உட்கார்ந்தாள்.

“எந்த நிறமா இருந்தாலும் எனக்குச் சம்மதங்க. வெள்ளை ஒண்ணு மட்டும் வேணாம்.”

கிராணியார் காதைத் தீட்டினார். “வெள்ளைக்கு என்ன?”

“எனக்கு ஆகவே ஆகாது. சுண்ணாம்பு அடிச்ச சுவரைக் கொண்டாந்து உள்ள வச்ச மாதிரி இருக்கும். ஒரு விரல் பட்டா அழுக்கு. யாரு தொடைக்கிறது? சொல்லிட்டேன், வெள்ளை மட்டும் கூடாது.”

தவுக்கே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “பூத்தே தா ஆடா! வெள்ளை இல்ல அக்கா. ஈப்போ இல்ல, பினாங் இல்ல, சிங்கப்பூர் இல்ல. வெள்ளை பியானோ கேட்டா, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி கூட்டிப்போவான்!”

கிராணியார் காதில் தேன் பாய்ந்தது. பெண்டாட்டிக்குப் பிடிக்காத நிறம். உலகத்திலேயே இல்லாத நிறம். இரண்டும் ஒன்றாக வந்து வாய்த்திருக்கிறது. ஜன்னலோரத்து நாற்காலி அவர் மனக்கண்ணில் கை நீட்டிக் கூப்பிட்டது.

“நாம மாத்தி மாத்திப் பேசி என்ன பிரயோசனம்?” என்றார், குரலைத் தழைத்துக்கொண்டு. “அம்மன்கிட்ட பூக் கேட்டுடுவோம்.”

தோட்டத்து மாரியம்மனிடம் பூக் கேட்பது என்றால் எல்லாருக்கும் தெரியும். நிறத்துக்கு ஒன்றாகப் பூவை வெற்றிலையில் மடித்து, சந்நிதியில் போட்டு, ஒரு பிள்ளையைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்த நிறம் வந்ததோ அதுதான் அம்மன் வாக்கு. மேல் பேச்சுக் கிடையாது. கிராணியார் வீட்டில் இது அடிக்கடி நடக்கும். மாமியாரைக் கப்பலேற்றி இங்கேயே வரவழைத்துவிடலாம் என்று மங்களம் சொன்னபோது பூக் கேட்டார்கள். வேண்டாம் என்று வந்தது. தீபாவளிக்குச் சிலிம் ரிவரில் அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்றாள். வேண்டாம் என்று வந்தது. இருபது வருஷமாக அந்த அம்மன் கிராணியார் பக்கமே பேசினாள். பூ மடித்து வைக்கிற பண்டாரம் சன்னாசிக்கும் அவருக்கும் இடையில் அவ்வப்போது ஒரு சுருட்டுக் கட்டு போய்வருவது மங்களத்துக்குத் தெரியாது என்பது கிராணியாரின் எண்ணம்.

“என்னென்ன பூ வைக்கிறதுங்க?” என்று பஸ்ஸில் வரும்போது மங்களம் கேட்டாள்.

“சிவப்பு மரத்துக்குச் செவ்வரளி. மஞ்சளுக்குப் பொன்னரளி. அப்புறம் நந்தியாவட்டை.”

“நந்தியாவட்டை வெள்ளையாச்சே! இல்லாத நிறத்துக்கு எதுக்குப் பூ?”

“வெள்ளைப் பூ இல்லாம அம்மன்கிட்ட போறதா? குத்தம்லா அது!”

“அதுவே வந்துட்டா?”

“வந்தா அம்மன் இஷ்டம். நாம யாரு?”

மங்களம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பாவம், அழுகிறாள் போலிருக்கிறது என்று கிராணியார் நினைத்தார். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கிற்று.

சன்னாசி தோட்டத்தில் மரம் வெட்டுகிற ஆள். வெள்ளிக்கிழமை மட்டும் பண்டாரம். பால் நிறுக்கும் கொட்டகையில் அவனைத் தனியே ஓரங்கட்டினார் கிராணியார்.

“வெள்ளிக்கிழமை மூணு பொட்டலம் சன்னாசி.”

“சரிங்கையா.”

“மூணுலயும் நந்தியாவட்டை.”

சன்னாசி அவரை ஒரு மாதிரி பார்த்தான். தலையைச் சொறிந்தான். “மூணுலயுமாங்கையா?”

“மூணுலயும்.”

“இல்லைங்கையா, வந்து...” என்று அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கிராணியார் சுருட்டுக் கட்டை நீட்டினார். வாய் மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். கிராணி வீட்டுப் பியானோவுக்குப் பூக் கேட்கிறார்கள் என்று ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு லயம் சேதி போயிருந்தது. பியானோ என்றால் என்னவென்று தெரியாதவர்கள் முன் வரிசையில் நின்றார்கள். சன்னாசி பொட்டலங்களை அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டான். நவமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். நந்தியாவட்டை.

“ஐயோ, வெள்ளையா!” என்று மங்களம் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

நவமணி கண்ணைத் திறந்தாள். அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலை மேல் அவள் விரல்கள் தாமாக வாசித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் கிராணியாருக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. சுருக்கென்றதை மறைக்கத்தான் அவர் பக்தியைக் கொஞ்சம் அதிகமாகக் காட்டினார். நேரே போய்க் கற்பூரத்தட்டுக்கு முன்னால் நின்றார்.

“அம்மன் வாக்கை மீற முடியுமா? எல்லாரும் கேட்டுக்குங்க. என் வீட்டுப் படி ஏறினா வெள்ளைப் பியானோதான் ஏறணும். அது வந்துச்சுன்னா நானே தோள் கொடுத்து எறக்கி, நானே ஜன்னலோரத்துல வச்சு, அதுக்கு முன்னால விழுந்து கும்பிடுறேன். இது சத்தியம்!”

சொல்லிவிட்டு எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கூட்டம் ‘ஓ’ என்றது. நவமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“சத்தியமெல்லாம் எதுக்குங்க?” என்றாள் மங்களம், ஈனசுரத்தில்.

“சத்தியம்னா சத்தியம்தான்!” என்றார் கிராணியார்.

அடுத்த சில நாட்கள் அவர் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, கும்பகர்ணன் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பான். காற்று வந்தது. கால் இரண்டும் நாற்காலியின் கைகள் மேல் கிடந்தன. மங்களம் பியானோ என்ற பேச்சையே எடுக்கவில்லை. வருத்தத்தில் இருக்கிறாள், நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று கிராணியார் குறட்டைக்கு நடுவில் அவளை மன்னித்தார்.

ஒரு நாள் மதியம் தூக்கத்தின் நல்ல கட்டத்தில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. வண்டி வீட்டு வாசலில் நின்றது. ஆட்கள் பேசும் சத்தம். கிராணியார் ஒரு கண்ணைத் திறந்து ஜன்னல் வழியே பார்த்தார். ஏதோ ஒரு சுவர் வண்டியில் வந்திருந்தது. மறு கண்ணையும் திறந்தார். சுவருக்குப் பல் இருந்தது.

வெள்ளைப் பியானோ.

“எங்கங்கையா எறக்கணும்?” என்று வண்டிக்கார மாயாண்டி கேட்டான்.

கிராணியார் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். யார் அனுப்பினார்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அனுப்பியது யாரென்று அவருக்குத் தெரியும். ஈப்போவில் இல்லை, பினாங்கில் இல்லை, சிங்கப்பூரில் இல்லை. சந்நிதியில் பொய்ப் பூ வைத்தான் ஒருவன். அதற்கு அம்மன் பதில் அனுப்பியிருக்கிறாள்!

அதற்குள் லயத்து ஜனம் பாதி கூடிவிட்டது. சத்தியத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் அதிலிருந்தார்கள்.

“ஐயா தோள் கொடுக்கிறேன்னு சொன்னாருல்ல? வழி விடுங்க, வழி விடுங்க!”

கிராணியார் தோள் கொடுத்தார். நிலைப்படியில் ஒரு மூலை உரசிப் பெயர்ந்தது. உள்ளே கறுப்பு தெரிந்தது. கறுப்பாகப் பிறந்ததைத் தன் கையாலேயே வெள்ளையாக்கி அனுப்பியிருக்கிறாள் மகமாயி! அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்காலியைத் தாமே இழுத்துக் கதவோரம் தள்ளினார். ஜன்னலோரத்தில் பியானோவை இறக்கினார். நெடுஞ்சாண்கிடையாக அதன் முன்னால் விழுந்தார்.

எழுந்தபோதுதான் கையைப் பார்த்தார்.

முழங்கையிலிருந்து விரல் வரை வெள்ளை வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. மற்றக் கையிலும் இருந்தது. உடம்பெல்லாம் அரிக்கிற மாதிரி இருந்தது.

முத்து! மாரியம்மன் கோபித்தால் வேறு என்ன செய்வாள்? அம்மை போட்டுவிட்டாள்!

“என்னங்க, எங்க ஓடுறீங்க?” என்று மங்களம் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. கோயில் மேட்டைப் பார்க்க ஓடினார். துண்டு ஒரு வேலியில், செருப்பு ஒரு சாக்கடையில். கோயிலில் சன்னாசி மறுநாள் வெள்ளிக்கிழமைக்காக மணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“சன்னாசி! வேப்பிலை! வேப்பிலை கொண்டா! ஆத்தா எனக்கு முத்துப் போட்டுட்டா!”

சன்னாசி பதறி ஓடி வந்தான். கையைப் பிடித்துப் பார்த்தான். மூக்குக்கு அருகில் கொண்டுபோனான். முகர்ந்தான்.

“ஐயா, பெயிண்டுங்கையா.”

“என்ன?”

“வெள்ளைப் பெயிண்டு. இன்னும் சரியாக் காயலை.” விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தான். ஒரு முத்து அப்படியே கரைந்து வந்தது.

கிராணியார் அந்தக் கையையே பார்த்தார். “அப்போ ஆத்தா அனுப்பலையா?”

“எதைங்கையா?”

“பியானோவை!”

சன்னாசி சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். “அது பங்களாப் பியானோங்கையா. ரொம்ப நாளா வெள்ளையாத்தான் இருக்கு. தொரசாணி நம்ம பாப்பாவுக்குச் சும்மாவே கொடுத்துட்டாங்க. வீட்டம்மா சொல்லலைங்களா?”

“வீட்டம்மாவா!”

“ஆமாங்க. அன்னிக்கே நான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்க சொல்றதுக்கு மொத நாளே வீட்டம்மா வந்து, ‘மூணு பொட்டலத்துலயும் நந்தியாவட்டையே வை சன்னாசி’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் நீங்களும் வந்து அதையே சொன்னீங்களா, எனக்கு ரொம்ப சந்தோஷமாப் போச்சு. புருசனும் பொண்டாட்டியும் இப்படி ஒரே மனசா இருக்காங்களேன்னு நெனைச்சேன்.”

கிராணியார் கையை உருவிக்கொண்டார். “அவ உனக்கு என்ன கொடுத்தா?”

“கோழிக் குழம்புங்கையா. சட்டியோட.”

“நான் பூக் கேப்பேன்னு அவளுக்கு எப்படிடா தெரியும்?”

“இருவது வருசமா கேக்கறீங்களேங்கையா.”

கோபம் வரும் என்று கிராணியார் காத்திருந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அம்மன் இல்லை! அம்மை இல்லை! மங்களம்தான்! வெறும் மங்களம்! அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கோயில் படியிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். தெய்வம் கோபித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பெண்டாட்டி ஏமாற்றினால் வீட்டோடு போயிற்று. அதிலும் அவருக்குத்தான் பழக்கம் இருக்கிறதே. சந்நிதிக்குள் போய், இனிமேல் உன் பூவில் கை வைக்கமாட்டேன் தாயே என்று மனசார வேண்டிக்கொண்டு ஒரு தேங்காய் உடைத்தார். ஆபத்து பெண்டாட்டியோடு நின்றதற்காகத் தேங்காய் உடைத்த புருஷன் பேராக் மாநிலத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது சன்னாசி, “ஐயா, இன்னொண்ணு...” என்று இழுத்தான்.

“எல்லாம் போதும், போதும்!” என்று கையை வீசிவிட்டு இறங்கினார். உடம்பு பஞ்சாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பால்மரங்களுக்கு நடுவே அது கேட்டது. முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு நிதானமாக. கிராணியார் நின்றுவிட்டார். பங்களா மேட்டிலிருந்து தூரத்தில் எப்போதாவது கேட்ட சத்தம்தான். ஆனால் அதை வாசிப்பது தன் பெண் என்று அவர் நினைத்துக் கேட்டதில்லை. வாசலில் லயத்துப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். கிராணியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இதையா வேண்டாம் என்று இத்தனை பாடுபட்டோம் என்று வெட்கமாக இருந்தது. நல்லவேளை, தோற்றோம் என்றும் இருந்தது.

மங்களம் வாசலுக்கு வந்தாள். அவர் கையில் எண்ணெயைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

“சன்னாசி சொல்லிட்டானா?”

“எல்லாத்தையும் சொல்லிட்டான். ஏன் மங்களம், நேராவே சொல்லியிருக்கலாமே? தொரசாணி கொடுக்கிறாங்க, வெள்ளைப் பியானோன்னு?”

“சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”

கிராணியார் யோசித்தார். “கறுப்புதான் வேணும்னு சொல்லியிருப்பேன்.”

“அதான் வெள்ளை வேணாம்னேன்.” அவளும் சிரித்துவிட்டாள். “கொடுக்கிறதுக்கு முன்னால இன்னொரு கை பூசிக் கொடுத்தாங்க தொரசாணி. காயட்டும்னா பிள்ளை விடலை. அதான் உங்க கையெல்லாம்... ரொம்ப பயந்துட்டீங்களா?”

“பயமா? எனக்கா?” என்றார் கிராணியார். “சரி போ, போனாப் போவுது. பிள்ளை நல்லா வாசிக்குது. ஒரு கோப்பி கொடு. நாற்காலியை இந்தக் கதவோரமே போட்டுக்கிட்டு, குடிச்சுக்கிட்டே கேக்குறேன்.”

மனம் நிறைந்து திரும்பினார். கதவோரம் வெறுமையாக இருந்தது.

“மங்களம், என் நாற்காலி எங்க?”

“அதுக்கும் வெள்ளிக்கிழமையே பூக் கேட்டாச்சுங்க,” என்றாள் மங்களம், கோப்பியை அவர் கையில் கொடுத்துக்கொண்டே. “மாட்டுக் கொட்டாய்ன்னு வந்திருக்கு. அம்மன் வாக்கு. மீற முடியுமா?”